ஜி.எஸ்.டி. சாலை நெரிசல்: மேம்பாலமா, பேருந்துத் தடமா, ரயில் பாதையா, சந்திப்புகளைச் சரிசெய்வதா?

சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு), பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை இருப்பது இரண்டு விதமான நெரிசல். வேலை நாள்களின் காலையிலும் மாலையிலும் வருவது ஒன்று. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர் என்று சாலையோரத்தில் வளர்ந்த ஊர்களின் ஜனங்கள் தினமும் ஐந்து, பத்து, இருபது கிலோமீட்டர் போய்வருவதால் உண்டாகும் நெரிசல் அது. வெள்ளிக்கிழமை இரவிலும் பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாள்களிலும் வருவது மற்றொன்று. தென்மாவட்டங்களுக்குப் போகிற ஆம்னி பஸ்ஸும் அரசுப் பேருந்தும் குடும்பத்தோடு கிளம்பிய கார்களும் ஒரே நேரத்தில் சாலைக்கு வருவதால் உண்டாவது. முதல் வகை வருஷத்தில் 250 நாள்களுக்கு மேல் வருகிறது. இரண்டாவது வகை சில டஜன் நாள்கள்தான், ஆனால் செய்தியில் வருவது அதுதான். எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் ‘இது எந்த நெரிசலுக்கு?’ என்று முதலில் கேட்க வேண்டும்.

வரிசை எப்படி வளர்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. சாலைப் பொறியாளர்கள் வண்டிகளை பி.சி.யு. (பயணிகள் கார் அலகு) என்ற அலகில் எண்ணுவார்கள். கார் 1. இந்தியச் சாலைக் காங்கிரஸின் நகரச் சாலை வழிகாட்டியில் (ஐ.ஆர்.சி. 106) மோட்டார் சைக்கிள் 0.5 முதல் 0.75, ஆட்டோ 1.2 முதல் 2, பஸ்ஸும் லாரியும் 2.2 முதல் 3.7. ஒரு சந்திப்பு மணிக்கு 3,600 அலகுகளை வெளியே விடக்கூடியது, அங்கே மணிக்கு 4,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 400 மிச்சம். மூன்று மணி நேரத்தில் 1,200. நான்கு தடங்களில் தடத்துக்கு 300, காருக்கு 7 மீட்டர் என்றால் வரிசை 2.1 கிலோமீட்டர். இரவு வரத்து 3,000 ஆகக் குறைந்த பிறகும் அந்த வரிசை கரைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆனால் 4,000-இல் வெறும் 400 குறைந்திருந்தால் அந்த வரிசையே உண்டாகியிருக்காது. பத்தில் ஒரு பங்கு வரத்தைக் குறைத்தாலும் சரி, வெளியேற்றத்தை அந்த அளவுக்குக் கூட்டினாலும் சரி, பலன் ஒன்றுதான். எந்த வழியில் அந்த 400 மலிவாக, சீக்கிரமாக, நிலையாகக் கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

எட்டு வழி ஆன பிறகும் ஏன் நிற்கிறது?

இந்தச் சாலை கட்டம் கட்டமாக எட்டு வழியாக அகலமானது. அதே ஐ.ஆர்.சி. வழிகாட்டி எட்டு வழிப் பிரதான சாலைக்கு இரு திசையும் சேர்த்து மணிக்கு 7,200 பி.சி.யு. வைக்கிறது. ஒரு திசைக்கு 3,600, ஒரு தடத்துக்கு 900. ஆனால் இது தடையின்றி ஓடும் நடுச் சாலைக்கு. சிக்னலில் கணக்கு மாறும். நிறுத்தக் கோட்டில் சாலை எத்தனை மீட்டர் அகலமோ அதை 525-ஆல் பெருக்கினால், முழு மணி நேரமும் பச்சை எரிந்தால் கடக்கக்கூடிய அலகுகள் கிடைக்கும். 14 மீட்டருக்கு 7,350. ஆனால் 150 நொடிச் சுற்றில் பச்சை 60 நொடிதான் என்றால் அதில் 40 விழுக்காடு, அதாவது 2,940. நான்கு தடம் போட்டும் வெளியேறுவது மூன்று தடத்துக்கு உரியதுதான்.

அடுத்ததைக் கவனியுங்கள். சிக்னலைத் தாண்டியதும் இடப்பக்கம் பேருந்து நிறுத்தம். பஸ் ஒதுங்கி நிற்பதற்கான குழிவான பஸ் பேயில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கின்றன, அதனால் பஸ் இரண்டாவது தடத்திலேயே நின்று ஆளை இறக்குகிறது. பஸ்ஸைப் பிடிக்க நிற்கிற கூட்டம் முதல் தடத்தில் இறங்கி நிற்கிறது. இப்போது பயன்படும் அகலம் 14 அல்ல, 7 மீட்டர். வெளியேற்றம் 1,470. இருபது கிலோமீட்டருக்குச் சாலையை அகலப்படுத்தியதன் பயனை முப்பது மீட்டர் நீளத்து ஒழுங்கின்மை விழுங்கிவிடுகிறது. கீழே ஒப்பிடும் வழிகளில் இந்த முப்பது மீட்டரைத் தொடாத எதற்கும் தினசரி நெரிசலில் பெரிய பலன் இருக்காது என்பது எங்கள் கணிப்பு.

சந்திப்பு, பஸ் பே, யு-டர்ன், சர்வீஸ் ரோடு

இதில் கல்வெட்டு வைக்க ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் பலன் இதில்தான் அதிகம்.

பஸ் பே என்று சாலையோரத்தில் சும்மா ஒரு குழிவு வெட்டிவிடுகிறார்கள். பஸ் நேராக உள்ளே நுழைந்து நேராக வெளியேற வேண்டுமென்றால் ஒரு பஸ்ஸுக்கு 15 மீட்டர் நேர் நீளமும், இரு பக்கமும் 1:8 சரிவில் (ஒரு மீட்டர் உள்ளே போக எட்டு மீட்டர் நீளம்) வளைவும் வேண்டும். 3.5 மீட்டர் ஆழமான பேக்கு ஒரு பக்க வளைவு மட்டும் 28 மீட்டர். ஆக ஒரே ஒரு பஸ்ஸுக்கு 71 மீட்டர் முகப்பு தேவை, இரண்டு பஸ்ஸுக்கு 86. இடமில்லை என்று 40 மீட்டரில் முடித்தால் பஸ்ஸின் வால் சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும். ஓட்டுநர்மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. உள்ளே போனால் திரும்பச் சாலைக்கு வர யாரும் வழிவிட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே பே சந்திப்பைத் தாண்டி, ஏறக்குறைய 75 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பின்னால் சிக்னல் சிவப்பாகும் போதெல்லாம் சாலையில் ஓர் இடைவெளி விழும், பஸ் அதில் ஏறிக்கொள்ளும். தரை கான்கிரீட்டாக இருக்க வேண்டும். தார் போட்டால் பிரேக் அழுத்தத்திலும் சொட்டுகிற டீசலிலும் இரண்டு மழைக்காலத்தில் அலை அலையாகத் திரண்டு பள்ளமாகும், பள்ளம் வந்த பேக்குள் எந்த பஸ்ஸும் வராது. ஷேர் ஆட்டோவை விரட்டுவது வேலைக்கு ஆகாது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரை வீட்டுத் தெருவுக்குக் கொண்டுபோவது அதுதான். பேக்கு முன்னால் 20 மீட்டர் தள்ளி, சர்வீஸ் ரோட்டுப் பக்கமாக அதற்கென்று ஓர் இடம் கொடுத்தால் தானாகப் போய் நிற்கும்.

யு-டர்ன் அடுத்த சிக்கல். 12 மீட்டர் பஸ் திரும்ப ஏறக்குறைய 24 மீட்டர் அகலம் வேண்டும். எதிர்ப்பக்க நான்கு தடம் 14 மீட்டர், மீடியன் (நடுத்தடுப்பு) 4 அல்லது 5 மீட்டர், மொத்தம் 19-ஐத் தாண்டாது. அதனால் பஸ் வலது ஓரத்துக்கு வராமல் இரண்டாவது தடத்திலிருந்தே திரும்பத் தொடங்கி, எதிர்ப்பக்கம் முழுவதையும் அடைத்து, சில சமயம் பின்னுக்கு எடுத்துத்தான் முடிக்கிறது. கார்களுக்கு மட்டும் சிறு திறப்பும், பேருந்து, லாரிக்கு மேம்பாலத்தின் அடியிலோ எதிர்ப்பக்கத்தில் கூடுதல் வளைவு இடம் ஒதுக்கிய ஓரிடத்திலோ தனித் திருப்பமும் வேண்டும். காத்திருப்பதற்கு மீடியனைக் குடைந்து 3 மீட்டர் தடம் போடாத எந்தத் திறப்பும் வேகத் தடத்தையே காத்திருப்புத் தடமாக்கிவிடும்.

பாதசாரிகளுக்கு நடைமேம்பாலம் என்பது பழகிப்போன பதில். தேசிய நெடுஞ்சாலையில் 5.5 மீட்டர் உயர இடைவெளி விட வேண்டும், தளத்தின் கனத்தையும் சேர்த்தால் ஏற வேண்டிய படிகள் 40-ஐ ஒட்டும். லிஃப்ட் வேலை செய்யாத அன்று கைக்குழந்தையோடு இருப்பவரும் முழங்கால் வலிக்காரரும் மீடியனைத்தான் தாண்டுவார்கள். 14 மீட்டரைக் கடக்க நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் 12 நொடி போதும். மீடியனில் நின்று இரண்டு கட்டமாகக் கடக்கும் சிக்னல், பக்கத்துச் சந்திப்பின் சிவப்போடு இணைந்திருந்தால், வாகனங்களுக்கு ஏறக்குறைய எந்த இழப்பும் இல்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் போல ஆயிரக்கணக்கானவர்கள் பெட்டியோடு கடக்கும் இடத்துக்கு மட்டும் ஆகாய நடைபாதை சரியான தீர்வு.

சர்வீஸ் ரோடுதான் இந்த வழியிலேயே கடினமானது. அது தொடர்ச்சியாக இருந்தால் அடுத்த தெருவுக்குப் போகிற பைக்கும் ஆட்டோவும் பிரதான சாலைக்கே வர வேண்டியதில்லை. ஆனால் ஏரி உபரிக் கால்வாய் குறுக்கே வரும் இடங்களில் பிரதான சாலைக்கு மட்டும் பாலம் கட்டிவிட்டு சர்வீஸ் ரோட்டை அறுத்துவிடுகிறார்கள். அறுந்த இடத்தில் எல்லோரும் பிரதான சாலைக்குள் நுழைந்து 50 மீட்டர் கழித்து மறுபடி வெளியேறுகிறார்கள். நுழைவும் வெளியேற்றமும் பின்னுகிற அந்த இடங்கள்தான் வரைபடத்தில் சிவப்பாகத் தெரிகின்றன. அங்கெல்லாம் 7 மீட்டர் அகலத்தில் சிறு பாலம் கட்டுவதும், மின்கம்பத்தையும் மின்மாற்றியையும் நகர்த்துவதும் பல துறைகள் சேர வேண்டிய வேலை. இந்த வழியில் தாமதம் பணத்தால் வராது, இதனால்தான் வரும். மழைநீர் வடிகாலையும் அதே சமயத்தில் கட்டாவிட்டால் வடகிழக்குப் பருவமழையில் சர்வீஸ் ரோடு குளமாகும், மறுபடி எல்லோரும் மேலே ஏறுவார்கள்.

மேம்பாலச் சாலை

பெருங்களத்தூர்–செங்கல்பட்டு இடையே சுமார் 27 கிலோமீட்டருக்கு உயர்நிலைச் சாலை என்ற யோசனை பல வருஷமாகப் பேசப்படுகிறது. முன்பு சொல்லப்பட்ட மதிப்பீடு 3,500 கோடி ரூபாயை ஒட்டி, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 130 கோடி. கட்டி முடிக்கும்போது இது கூடும். மதுரவாயல்–துறைமுகம் உயர்நிலைச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டி, வேலை நின்று, தூண்கள் கூவத்தில் தனியே நின்று, 2022-இல் ஈரடுக்காக மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது நினைவிருக்கும்.

இதன் பலத்தை மறுக்க முடியாது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் போகிற வண்டி ஊரப்பாக்கத்து சிக்னலில் நிற்க வேண்டியதே இல்லை. லாரியும் பள்ளிச் சிறுவனின் சைக்கிளும் பிரிவதால் விபத்தும் குறையும். பண்டிகை நெரிசலுக்கு ஒப்பிடும் வழிகளில் இதுவே வலிமையானது.

பலவீனம் இரண்டு நுனிகளிலும் இறங்குதளங்களிலும் இருக்கிறது. தளம் தரையிலிருந்து 8 மீட்டர் உயரம், சரிவு 30-க்கு 1 என்றால் ஒரு இறங்குதளம் 240 மீட்டர் நீளம். இரு தடத்துக்கு 8.5 மீட்டர் அகலம் கீழ்ச் சாலையிலிருந்து போகும். கூடுவாஞ்சேரியில் ஒன்று, மறைமலை நகரில் ஒன்று என்று ஊர் கேட்க, இறங்குதளம் கூடக் கூடக் கீழே உள்ள எட்டு வழி ஆறு வழியாகச் சுருங்கும். வடக்கு நுனியில் மேலிருந்து வேகமாக வந்த வண்டிகள் இரும்புலியூர், தாம்பரம் வரிசையின் வாலில் வந்து சேரும். முன்பு வண்டலூரில் நின்ற நேரத்தை இங்கே நிற்பார்கள். தெற்கு நுனியில் பரனூர் டோல்கேட். ஒரு வண்டிக்கு 10 நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021-இல் வைத்த அளவு. அப்படியே நடந்தாலும் ஒரு தடத்தில் மணிக்கு 360 வண்டிதான். மேலிருந்து மணிக்கு 3,600 வண்டி வந்தால் ஒரே திசையில் பத்துத் தடம் திறந்திருக்க வேண்டும், ஒன்றில்கூட ஃபாஸ்டேக் இருப்பு தீர்ந்த வண்டி நிற்கக் கூடாது.

கட்டுமானக் காலத்தையும் விலையில் சேர்க்க வேண்டும். துளையிடும் இயந்திரத்துக்கும் கிரேனுக்கும் மீடியனை ஒட்டி இரு பக்கமும் ஒரு தடமாவது அடைபடும். மேலே சொன்ன கணக்கில் நான்கில் ஒரு தடம் போனால் வரிசை எவ்வளவு ஆகும் என்று போட்டுப் பாருங்கள். அதுவும் குறைந்தது மூன்று வருஷத்துக்கு.

இன்னொன்று, தடம் கூடினால் பயணமும் கூடும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி ஃப்ரீவே என்ற நெடுஞ்சாலையை 2.8 பில்லியன் டாலர் செலவில் விரித்து 2008-இல் திறந்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்து சில இடங்களில் 26 தடம். 2011-க்கும் 2014-க்கும் இடையில் மாலைப் பயண நேரம் 55 விழுக்காடு கூடியது. செங்கல்பட்டிலிருந்து அரை மணியில் தாம்பரம் வரலாம் என்றால் செங்கல்பட்டைச் சுற்றி மனை விற்கும், மனை விற்றால் கார் வரும். வீட்டுமனைக்குத் தடையில்லாத சாலையோரப் பகுதியில் இதைத் தவிர்க்க வழி தெரியவில்லை.

பேருந்துத் தடம்

ஒரு தடம் மணிக்கு 900 காரைக் கொண்டுபோகும், காருக்கு ஒன்றரை ஆள் என்றால் 1,350 பேர். அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 60 பேர் என்றால் 3,600 பேர். பஸ்ஸுக்கு அதிகபட்ச 3.7 அலகைப் போட்டாலும் ஓர் அலகுக்கு 16 பேர் போகிறார்கள். தாம்பரம்–கிளாம்பாக்கம் பகுதி இதற்குப் பொருத்தமானது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறியதிலிருந்து, நகரத்துக்குள் போகவேண்டிய கூட்டம் முழுவதும் இந்தப் பத்து கிலோமீட்டருக்குட்பட்ட தூரத்தைத்தான் நம்பியிருக்கிறது.

எங்கே கெடும்? இடது ஓரத்தில் போட்டால் கடை வாசல் பார்க்கிங்கும் இடது திரும்பும் வண்டிகளும் அதைத் தின்றுவிடும். திரும்பும் வண்டிகளுக்கு சந்திப்புக்கு 50, 60 மீட்டர் முன்னால் தடத்தைத் திறந்துவிட வேண்டும், மீதி தூரத்துக்கு பஸ்ஸிலேயே கேமரா வைத்து அபராதம் போட வேண்டும். நடுவில் போட்டால் ஒவ்வொரு பயணியும் சாலையைக் கடந்து நடுத் தீவுக்கு வர வேண்டும், அதற்கு மேலே சொன்ன இரண்டு கட்ட சிக்னல் இல்லாமல் முடியாது. டெல்லியில் அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே 2008-இல் வந்த 5.8 கிலோமீட்டர் தடம் 2016-இல் அகற்றப்பட்டது. பஸ்ஸுக்கென்று தனிக் கட்டம் சேர்த்ததில் சிக்னல் சுற்று நீண்டு, பக்கத்துத் தடங்களில் வரிசை பெருகியது அதன் முக்கியக் காரணம். அகமதாபாத்தில் 2009-இல் தொடங்கிய ஜன்மார்க் என்ற பேருந்துத் தடச் சேவை நடுத்தடத்தில் மூடிய நிலையங்களோடு நிலைத்தது. இன்னொரு எச்சரிக்கை: மணிக்கு 40 பஸ்ஸாவது ஓடாவிட்டால் தடம் காலியாகத் தெரியும், காலியாகத் தெரியும் தடத்தில் பைக் புகும், பைக்கின் பின்னால் கார் புகும். புதுப் பேருந்து வாங்காமல் பெயின்ட் மட்டும் அடிப்பதில் பிரயோஜனமில்லை.

ரயில்: நான்காவது பாதையும் மெட்ரோவும்

இந்தச் சாலைக்கு வாய்த்த பெரும் கொடை, பக்கத்திலேயே ஓடும் தண்டவாளம். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர், செங்கல்பட்டு என்று சாலை நெரிகிற ஒவ்வொரு ஊரிலும் நிலையம் இருக்கிறது. 12 பெட்டி மின்ரயிலில் நெரிசல் நேரத்தில் 3,000 பேருக்கு மேல் போகிறார்கள். மணிக்கு நாலு ரயில் கூடினால் 12,000 பேர், அது ஒன்பது கார் தடத்துக்குச் சமம். தடை என்னவென்றால், தாம்பரத்துக்குத் தெற்கே புறநகர் ரயிலும் எக்ஸ்பிரஸும் சரக்கு ரயிலும் இருக்கிற மூன்று பாதைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பல புறநகர் ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு நான்காவது பாதைக்கு ரயில்வே ஒப்புதல் தந்திருக்கிறது, மதிப்பீடு 750 கோடியை ஒட்டி. கிலோமீட்டருக்கு 25 கோடி. மேம்பாலத்தின் ஐந்தில் ஒரு பங்கு.

விமான நிலையம்–கிளாம்பாக்கம் மெட்ரோ சுமார் 15.5 கிலோமீட்டர், மதிப்பீடு 9,000 கோடிக்கு மேல், கிலோமீட்டருக்கு 600 கோடி அளவில். வசதியும் நம்பகமும் அதிகம். விமான நிலையத்துக்கும் கிண்டிக்கும் போகிறவர் ஓரிடத்திலும் நிற்க வேண்டாம். ஆனால் அது கிளாம்பாக்கத்தோடு முடிகிறது, கூடுவாஞ்சேரிக்காரருக்கு நான்காவது பாதைதான் துணை. மெட்ரோவும் மேம்பாலமும் இரண்டுமே வேண்டும் என்று முடிவானால், ஒரே மீடியனில் இரண்டு தூண் வரிசைக்கு இடமில்லை. வரைபடக் கட்டத்திலேயே ஒரே தூணில் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

ரயில் தோற்பது வீட்டிலிருந்து நிலையம் வரையிலான இரண்டு கிலோமீட்டரில். அந்தத் தூரத்துக்கு பைக்கை எடுத்தவர் பைக்கிலேயே அலுவலகம் போய்விடுவார். பத்து நிமிடத்துக்கு ஒரு சிற்றுந்தும் நிலையத்தின் இரு பக்கமும் வாசலும் இல்லாமல் நான்காவது பாதை பாதி பலன்தான் தரும்.

திருப்பிவிடுதலும் கட்டணமும் துணை மருந்துகள். பண்டிகை நாள்களில் கார்களை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை), கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்கும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் அனுப்புவது பெருங்களத்தூரைக் காப்பாற்றும். ஆனால் எல்லோரும் கடைசியில் ஜி.எஸ்.டி. சாலைக்கே வந்து சேர்வதால் செங்கல்பட்டுக்குத் தெற்கே பாரம் குறையாது. ஸ்டாக்ஹோமில் 2006-இல் நெரிசல் கட்டணம் சோதித்தபோது போக்குவரத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, ஆனால் அங்கே கூடுதல் பேருந்துகளை முன்கூட்டியே ஓடவிட்டார்கள். மாற்று வழி தராமல் இங்கே கட்டணம் போடுவது தினக்கூலிக்குப் போகிறவரைத் தண்டிப்பதாகும்.

எங்கள் தேர்வு

தினசரி நெரிசலுக்கு முதலில் சந்திப்புகளும் பஸ் பேக்களும், அதோடு சேர்த்து தாம்பரம்–கிளாம்பாக்கம் பேருந்துத் தடம், இணையாக நான்காவது ரயில் பாதை. மேம்பாலத்தை இவற்றுக்குப் பிறகு, இறங்குதளங்களை இரண்டுக்குள் நிறுத்தி, வடக்கு நுனியைத் தாம்பரம் வரிசைக்குள் இறக்காமல் புறவழிச்சாலையோடு நேரே இணைக்க முடிந்தால் மட்டும் எடுக்கலாம். முதலில் மேம்பாலத்தைத் தொட்டால் மூன்று வருஷம் ஒரு தடம் போகும், அப்போது கீழே சரிசெய்யப்படாத சந்திப்பு இருந்தால் ஊர் தாங்காது.

வேலையைத் தொடங்கும் முன் ஓரிரு வாரம் அளந்துவிட வேண்டும். காலை ஏழிலிருந்து பதினொன்று, மாலை ஐந்திலிருந்து பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையின் வால் எந்தக் கிலோமீட்டர் கல்லில் நிற்கிறது என்று குறிக்க வேண்டும். நிறுத்தக் கோட்டில் உண்மையில் வண்டி ஓடுகிற அகலத்தை மீட்டரில் குறிக்க வேண்டும். வண்டியோடு ஆளையும் எண்ண வேண்டும். ஒரு சந்திப்பைச் சரிசெய்த ஒரு மாதம் கழித்து அதே கல்லில் மறுபடி பார்க்க வேண்டும். வால் குறையவில்லை என்றால் பச்சை நேரத்தை மாற்றுவதற்கு முன், சந்திப்பைத் தாண்டிய 100 மீட்டரைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பஸ் இரண்டாவது தடத்தில் நின்றுகொண்டிருக்கும்.